வாட்டர்லூ மதகில் அறுந்த கயிறு

ஜூலை இரண்டாம் சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு, நியூயார்க் மாநிலத்தில் செனெகா ஏரிக்கரையிலுள்ள ஜெனீவாவிலிருந்து எங்கள் படகு கிளம்பியது. மார்லிஸ் சித்தி, அவள் கணவர் டுவெய்ன், அம்மா, நான். கால்வாய் வழியே செனெகா ஃபால்ஸ் போய், பெண்கள் 1848இல் உரிமை கேட்டுக் கூடிய தேவாலயத்தைப் பார்ப்பதாகத் திட்டம்.

படகு சித்திக்கு அவள் அப்பா விட்டுப்போனது. பனியில் அறுபது பிள்ளைகளோடு பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். ஆனால் இருபத்திரண்டு வருடமாகப் படகின் சுக்கானைச் சித்தப்பா அவளிடம் தந்ததில்லை.

தண்ணீரை வடித்துப் படகைக் கீழ்மட்டத்துக்கு இறக்கும் வாட்டர்லூ மதகுத்தொட்டிக்குள் நுழைந்ததும் அவர் சுவரில் தொங்கிய கயிற்றைப் படகில் இறுகக் கட்டினார். ஏரியில் மட்டுமே படகோட்டிப் பழகியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

"கட்டாதீங்க. தண்ணி பதினாலடி எறங்கும். கையில பிடிச்சு விட்டுக்கிட்டே வரணும்."

"நீ பஸ்ஸப் பாத்துக்க மார்லிஸ்."

தண்ணீர் இறங்கியது. படகு இறங்கவில்லை. ஒரு பக்கம் சுவரில் தொங்க, அம்மா அலறிக்கொண்டு சரிந்தாள். மேலேயிருந்து மதகுக்காரர் கத்தினார்: "கயித்த விடுய்யா! படகத் தூக்குல போடப் போறியா?"

முடிச்சு இறுகிவிட்டது. சித்தி ரொட்டிக் கத்தியை எடுத்து அறுத்தாள். படகு தொப்பென்று தண்ணீரில் விழுந்தது.

"நல்ல கயிறு," என்றார் சித்தப்பா.

தேவாலயத்தில் வழிகாட்டிப் பெண், மாநாட்டின் முதல் நாள் வந்த ஆண்களை வாய் திறக்காமல் உட்காரச் சொன்னார்கள் என்றாள். சித்தப்பா சிரித்தார். "அதெப்படி முடியும்?"

"முடியும். இன்னிக்கு முதல் நாள்னு வெச்சுக்குங்க," என்றாள் சித்தி.

படகுத்துறைக்குத் திரும்பியதும் அவளே சுக்கான் முன் உட்கார்ந்து கையை நீட்டினாள். "சாவி."

"ஊரே பாக்குது."

"பாக்கட்டும். என் படகு."

"அப்ப நான் டாக்ஸில போறேன்."

"தாராளமா. டிரைவர் பொம்பளையான்னு கேட்டுட்டு ஏறுங்க."

சாவியைப் பலகையில் எறிந்துவிட்டு அவர் போனார். கயிற்றை அம்மாவும் நானும் பிடிக்க, வாட்டர்லூ மதகில் ஒரு கீறலில்லாமல் சித்தி படகை மேலேற்றினாள்.

மூன்று வருடம் கழித்து, நான் ஜார்ஜியா நாட்டில் மலைப்பேருந்துக்குக் காத்திருந்தபோது அவள் செய்தி வந்தது:

"கேப்டன் லைசென்ஸ் வந்துருச்சு. சனிக்கிழமை முதல் சவாரி, ஆறு எடமும் போயிருச்சு. டுவெய்ன் தானும் வரேங்கறார். சட்டப்படி ஆறு பேருதான்னு சொல்லிட்டேன்."