அடுத்த ரயிலில் வருகிறேன்

அன்று அந்த அரங்கில் இருந்திருந்தால் நீங்களும் கைதட்டியிருப்பீர்கள். அதனால்தான் உங்களைச் சாட்சிக்கு அழைக்கிறேன். என் நண்பன் கபிலனின் தாயை நான் புண்படுத்தினேன். தெரியாமல் அல்ல... தெரிந்தே! வெல்வதற்காக!

இரண்டாண்டுகளுக்கு முன், காரைக்குடியில் ஒரு திருமண மண்டபத்தில் கல்லூரி மாணவர்களின் சொற்போர். உலகப்போர் மூளும் முன் நாஜிகளிடமிருந்து காப்பாற்ற, யூதப் பெற்றோர் தம் குழந்தைகளை மட்டும் ரயிலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்களே, அதுதான் பொருள். கழுத்தில் எண் அட்டை, கையில் ஒரு சிறு பெட்டி. அவர்களுள் பலர் பெற்றோரை மறுபடி பார்க்கவேயில்லை. அனுப்பியது அன்பா, கைவிடலா? சீட்டுக் குலுக்கியதில் எனக்குக் ‘கைவிடல்’, கபிலனுக்கு ‘அன்பு’.

கபிலன் இலங்கைத் தமிழர் அகதி முகாமில் பிறந்தவன். போட்டிக்கு முந்தைய வாரம், பேருந்துக்குக் காத்திருக்கையில் என்னிடம் மட்டும் சொன்னான். அவன் அம்மா செல்வராணிக்கு ஆறு வயதில் நடந்தது. குண்டு விழுந்த ஊரிலிருந்து அவரை அயலாரோடு படகேற்றிய தாய், “அடுத்த படகில வாறன்” என்றாராம். வரவேயில்லை. அதைச் சொல்லித்தான் பேச்சை முடிக்கப்போகிறான். கேட்க அம்மா முதன்முறையாக வருகிறார்.

அந்த முடிவின் முன் என் வாதம் நிற்காது. எனவே... முந்திக்கொண்டேன்.

“அடுத்த ரயிலில் வருகிறேன் என்றாளே ஒரு தாய்! அடுத்த ரயில் இல்லையென்று அறியாதவளா? அது அன்பன்று, பாரத்தை இறக்கி வைத்தவள் சொன்ன பொய்!”

அந்த வாசகத்தை எந்த நூலிலும் நான் படிக்கவில்லை. கபிலனிடம் திருடியது! மூன்றாம் வரிசையில் செல்வராணியம்மா தலைகுனிந்து தரையின் பூப்போட்ட கற்களையே பார்த்திருந்தார். கண்டேன்... கண்டும் குரலை உயர்த்தினேன்!

அடுத்து மேடையேறிய கபிலன் தாயைப் பார்த்தான். நான்கு வாக்கியங்களோடு இறங்கிவிட்டான்.

கோப்பை எனக்கு. “கலக்கிட்டீகளே தம்பி! மைக்கே வேணாம் போலயே ஒங்களுக்கு!” என்று தோளைத் தட்டினார் மண்டபக்காரர்.

கபிலனும் வந்தான். “மூஞ்சியத் தொங்கப் போடாத மாப்ள. நான் சொன்னத மறந்துருப்ப. நீ என்ன வேணும்னேவா பேசுன?”

மறந்திருப்பேனாம்! அந்த மன்னிப்புக்குள் இரண்டாண்டுகளாக ஒளிந்திருக்கிறேன். நான் யார்? நாவன்மை என்று நான் செருக்குற்றது இதைத்தானா?

அவன் பின்னாலேயே அவன் அம்மாவும் வந்தார். கோபமில்லை, ஐயம் மட்டும். “தம்பி, நீங்கள் படிச்ச பிள்ளை, அதான் கேக்கிறன். என்ர அம்மாவும் பாரமெண்டுதானோ என்னை ஏத்திவிட்டவ?”

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் பற்றியிருந்த ஒரே சொல்லை ஏழு நிமிடத்தில் பறித்துவிட்டேன்...

அதன்பின் எத்தனையோ மேடைகள். எதிலும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. “அந்தத் தம்பி எப்ப பேசுறார்?” என்று அம்மா இன்னமும் கேட்பதாகக் கபிலன் சிரித்துக்கொண்டே சொல்கிறான்.

ஏனெனில் அன்று, கோப்பையைக் கையில் பிடித்தபடி, சுற்றி நின்றவர்கள் கேட்க, உரக்கச் சொன்னேன்:

“இல்லம்மா! போட்டிக்காகப் பேசுனது. நான் சொன்னது பொய்னு எல்லாரு முன்னாலயும் சொல்லிர்றேன்... அடுத்த மேடையில!”