கொழுந்துக் கறைக்கு நான் சொன்ன சாட்சி

அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தோம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்று காம்பராதான். சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அதற்குப் பிறகு அவளுடைய அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார், அவள் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுக்கப் போனாள். நான் உயர்தரம் படித்து, தோட்டப் பள்ளிக்கூடத்திலேயே தமிழ் டீச்சர் ஆனேன். இதைச் சொல்லும்போதே எனக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்க்கிறது, பாருங்கள். இது நான் நல்லவளாக நடந்துகொண்ட கதை அல்ல என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் புத்தகம் என்றால் நான்தான். ஹட்டனுக்குப் போனால் மற்றவர்கள் துணிக்கடையில் நுழைவார்கள், நான் புத்தகக் கடையில் நுழைவேன். வாங்கியதைப் பையில் போடாமல், நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவேன். கோயில் திருவிழா, வாசிப்பு மாதம், பரிசளிப்பு, எது வந்தாலும் மைக் என் கைக்குத்தான் வரும். அவளும் என்னிடம்தான் புத்தகம் வாங்கிப் படிப்பாள். பெரிய மனசு பண்ணிக் கொடுப்பேன். திருப்பித் தரும்போது எப்படி இருந்தது என்று கேட்டால், "நல்லாருந்துச்சு புள்ள" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பாவம், இவளுக்கு எட்டியது இவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் இடைவேளையில் எங்கள் விஞ்ஞான டீச்சர் தன் போனை என் பக்கம் நீட்டினார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். எதையும் லேசில் மெச்சமாட்டார். நான் மேடையில் பேசி இறங்கும்போதெல்லாம் அவர் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அது எப்போதும் ருசி ஒன்றும் தெரியாத, தண்ணீர் குடித்த முகமாகவே இருக்கும்.

"இந்தப் பிள்ளை என்ன வடிவாக் கதைக்கிறா எண்டு கேளுங்கோ டீச்சர்" என்றார். "ஒரு புத்தகத்தைப் பற்றி ஒருத்தரும் இப்பிடிச் சொல்லி நான் கேக்கேல்லை."

வீடியோவில் முகம் இல்லை. ஒரு பழைய பெட்ஷீட் விரிப்பு, அதன் மேல் ஒரு புத்தகம், பக்கம் திருப்புகிற இரண்டு கைகள், ஒரு குரல். இரண்டாவது வாக்கியத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். புத்தகமும் என்னுடையதுதான். நான் போட்ட பிளாஸ்டிக் உறை பளபளத்தது.

"அந்தப் பொம்பள கதவத் தொறக்கிறதுக்கு முன்ன ரெண்டு தடவ கையத் தொடைச்சுக்கிறா. எழுதினவரே அத அடுத்த வரியில மறந்துட்டாரு. எனக்கு மறக்கல. வேல செய்யும்போதெல்லாம் அந்தக் கைதான் ஞாபகம் வருது."

நான் அந்தப் புத்தகத்தை இரண்டு தடவை படித்தவள். அதைப் பற்றி மேடையில் இருபது நிமிடம் பேசியவள். அந்தக் கை என் கண்ணில் படவே இல்லை. வீடியோவுக்குக் கீழே ஆயிரக்கணக்கில் லைக். வயிறு எரிந்தது. கையிலிருந்த ரொட்டியைத் திரும்பச் சுற்றிப் பையில் வைத்துவிட்டேன்.

அன்று சாயந்திரமே அவள் வீட்டுக்குப் போனேன். புருஷன் கொழும்பில் வேலை, வீட்டில் அவளும் மாமியாரும்தான். நீதானே என்று கேட்டதும் என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசு புள்ள. மாமியாவுக்குக் கூடத் தெரியாது."

"நல்ல விசயம்தானே, எதுக்கு மறைக்கிற?"

"பேச்சக் கேட்டே மலையகம்னு கண்டுபுடிச்சுட்டாங்க. எந்தத் தோட்டம்னு கேக்குறாங்க. சொன்னா எந்த டிவிசன்னு கேப்பாங்க. அப்புறம் எந்த லயம், யாரு மக, என்னா ஆளுங்க. அதுக்கப்புறம் புத்தகத்தப் பத்தி யாரு கேப்பா? இங்க நான் இருமினாக்கூட பத்து வீட்டுக்குக் கேக்குது. எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு மூலதான். ஒனக்கு மட்டும்தான் தெரியும். யாருகிட்டயும் சொல்லிறாத."

கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். பிறகு என்னால் அடக்க முடியவில்லை. "எங்கிட்ட மட்டும் நல்லாருந்துச்சுன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டு, ஊருக்கெல்லாம் இவ்வளவு பேசுறியே?" என்றேன்.

"நீ கேப்ப. நான் வாயத் தொறக்கிறதுக்குள்ள நீயே பேச ஆரம்பிச்சுருவ" என்று சிரித்தாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்றிரவே பூப்படம் போட்டு, பொய்ப் பேரில் ஒரு கணக்குத் திறந்தேன். நான் பார்ப்பது அவளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. ஒரு வீடியோ விடாமல் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன், கிடைக்கவில்லை. சில வீடியோக்களை இரண்டாம் தடவையும் பார்த்தேன், அது குறை கண்டுபிடிக்க அல்ல. இதை யாரிடமும் சொன்னதில்லை.

சில வாரம் கழித்து, வெயில் நன்றாக விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்த வீடியோவில் அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தெளிவாகத் தெரிந்தன. கொழுந்து ஒடிக்கிறவர்களுக்கு அந்த இரண்டு விரலிலும் கறுப்பாய்க் கறை ஏறியிருக்கும். எலுமிச்சங்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அதைப் பார்த்ததும் கீழே சண்டை ஆரம்பித்தது. கொழுந்து எடுக்கிறவளுக்கு இதையெல்லாம் படிக்க நேரம் ஏது, இது பாவம் பார்க்க வைக்கிற வேஷம் என்றார் ஒருவர். விரலில் பேனா மையைப் பூசியிருக்கிறாள் என்றார் இன்னொருவர். உண்மையான ஆள் என்றால் முகத்தையும் தோட்டத்தையும் சொல்ல என்ன பயம் என்று கேட்டார்கள். சிலர் அவளுக்காகவும் பேசினார்கள்.

ஆசிரியர் அறையிலும் இதே வழக்குத்தான். "ஒளிக்கிறாங்கன்னா ஏதோ பொய் இருக்கு" என்றார் கணக்குப் பாடம் எடுக்கிற சேர்.

"சொல்ல விருப்பமில்லாட்டி அது அவவின்ர விருப்பம்" என்றார் விஞ்ஞான டீச்சர். "அவ புத்தகத்தைப் பற்றிச் சொன்னதில என்ன பொய் இருக்கு? அதைச் சொல்லுங்கோ."

அந்த அறையில் உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். கட்டச்சம்பலைத் தொட்டு ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தேன். அவளைப் பொய் என்று யாராவது சொல்லும்போது ஒரு இனிப்பு இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அவளாவது இதற்கு அழுதிருக்கலாம். போய்ப் பார்த்தால், கூடையைக் கழுவி வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். "விடு புள்ள. இன்னக்கி கறையப் பேசுறாங்க, நாளக்கி வேற ஒண்ணப் பேசுவாங்க. புத்தகத்தப் பத்தி எழுதுறவங்களுக்கு மட்டும் நான் பதில் போடுறேன்" என்றாள். என்னை யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நான் ஒரு மாதம் படுத்திருப்பேன்.

வாசிப்பு மாதம் நெருங்கியது. அதிபர் கூட்டம் போட்டார். வழக்கமான பேச்சாளர் நான்தான் என்பதால் நோட்டைத் திறந்து வைத்திருந்தேன். அப்போது விஞ்ஞான டீச்சர் எழுந்து, "இந்த முறை அந்தப் பிள்ளையைக் கேட்டுப் பாப்பம் சேர். முகம் காட்ட விருப்பமில்லாட்டி குரலை மட்டும் அனுப்பட்டும். எங்கட பிள்ளைகள் கேக்கவேணும்" என்றார். எல்லோரும் நல்லது என்றார்கள். அதிபர் என்னைப் பார்த்து, டீச்சருக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். முகம் வலித்தது.

அன்று பள்ளி விட்டு வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கூடக் கழற்றாமல் போனை எடுத்தேன். பூப்படக் கணக்கிலிருந்து எழுதினேன். இவரைப் பொய் என்று சொல்லாதீர்கள், எனக்கு இவரை நன்றாகத் தெரியும், விரலில் இருப்பது கொழுந்துக் கறைதான், நான் சாட்சி. அப்படித் தொடங்கி, தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்தில் எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் எழுதினேன். சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம் என்று முடித்தேன். அவளுக்காக வாதாடுகிற மாதிரியே இருந்தது. அனுப்பும் வரைக்கும் நானே அப்படித்தான் நம்பினேன். அனுப்பிய அடுத்த நிமிடம் எனக்குள் வந்தது சந்தோஷம். அது சிநேகிதிக்காக வருகிற சந்தோஷம் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

அந்தத் தோட்டத்தின் பெயரை இங்கே எழுதமாட்டேன். டயகம பஸ்ஸில் ஏறினால் எங்கேயோ ஓரிடத்தில் இறங்கவேண்டும், அவ்வளவுதான். ஒரு தடவை எழுதியது போதும்.

மறுநாள் காலை, வேலை பிரிக்கிற பெரட்டிலேயே விசயம் வந்துவிட்டது. பேர் கூப்பிடும்போது கணக்கப்பிள்ளை, "எழுத்தாளர் அம்மா வந்துட்டாங்களா?" என்று கேட்டாராம். பெரட்டுக் களம் முழுக்கச் சிரிப்பு. இரண்டு நாளில் பக்கத்து டிவிஷன்காரர்களும் வந்து பார்த்தார்கள். யாரோ அவளுடைய அப்பா பெயரையும், முன்னோர் எந்தக் கங்காணியின் கூட்டத்தோடு இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதையும் வீடியோவுக்குக் கீழே எழுதினார்கள். இன்னொருவர் அவர்கள் என்ன ஆட்கள் என்பதையும் எழுதினார். அதற்கு ஒரு பெரிய சண்டை நடந்தது. புத்தகத்தைப் பற்றி அங்கே ஒருவரும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேனில் மூன்று பேர் கேமராவோடு வந்து இறங்கினார்கள். அவளுடைய மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். லயமே வாசலில் நின்றது. நானும் நின்றேன். அவளை இடுப்பில் படங்குத் துணி கட்டி, கூடை மாட்டி, தேயிலைக்கு நடுவில் புத்தகத்தோடு நிற்கச் சொன்னார்கள்.

"நான் மலையில படிக்கிறதில்லைங்க. அங்க கொழுந்துதான் எடுக்கிறேன்" என்றாள்.

"சும்மா ஒரு நிமிசம் அக்கா. பாக்குறவங்களுக்கு அப்பதான் உண்மையா இருக்கும்" என்றான் கேமராக்காரன்.

மாமியார் கெஞ்சினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் போ போ என்றார்கள். போனாள். நின்றாள். சம்பளம் எவ்வளவு, கக்கூஸ் இருக்கிறதா, புருஷன் கொழும்பிலிருந்து காசு அனுப்புகிறாரா என்றெல்லாம் கேட்டார்கள். கையிலிருந்தது என்ன புத்தகம் என்று கேட்கவில்லை. தலைகீழாகப் பிடித்திருந்தாள். வேண்டுமென்றே பிடித்தாளா என்று தெரியாது. அந்த வீடியோவுக்குக் கீழே, இப்போதுதான் உண்மையான ஆளைப் பார்க்கிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அவளுடைய கணக்கைக் காணவில்லை. எல்லா வீடியோவும் போய்விட்டது.

அந்த வாரமே, கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வருகிற வழியில், பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே எனக்காக நின்றாள். என்னிடம் இரவல் வாங்கிய புத்தகம் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள். உறை கசங்கியிருக்கவில்லை.

"ஒனக்கு மட்டும்தான் தெரியும்" என்றாள்.

"ஒன்னப் பொய்யின்னு சொன்னாங்கடி. என்னால தாங்க முடியல" என்றேன்.

"நான்தான் தாங்கிக்கிட்டு இருந்தேனே" என்றாள். "ஒனக்கு மைக் இருக்கு, மேடை இருக்கு, டீச்சர்ங்கிற பேரு இருக்கு. நான் அதுல ஒண்ணையும் கேக்கல."

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாயைத் திறந்தேன். எனக்கு வந்ததோ வேறு கேள்வி. "இனிமே பேசமாட்டியா?"

"பேசுவேன். வேற பேருல, வேற மாதிரி. இந்தத் தடவ ஒனக்கும் தெரியாது."

மறுநாள் ரோட்டில் எதிரே வந்தபோது, "வணக்கம் டீச்சர், சொகமா இருக்கீங்களா?" என்றாள். கூட வந்த பெண்களுக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரிந்திருக்காது. அவள் என்னை நீங்க என்று சொன்னது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

வாசிப்பு மாதத்தில் நான்தான் பேசினேன். கைதட்டினார்கள். விஞ்ஞான டீச்சர் முகம் அதேபோல் இருந்தது.

இப்போது தினமும் தேடுகிறேன். புத்தகத்தைப் பற்றிப் பேசுகிற ஒரு குரலையும் விடுவதில்லை. கையுறை போட்ட கை வந்தால் அவளோ என்று நினைப்பேன். குரலை மாற்றியிருப்பாளோ, பேச்சைக் கொழும்புத் தமிழாக்கியிருப்பாளோ என்று நிறுத்தி நிறுத்திக் கேட்பேன். இரண்டு வாக்கியத்தில் அவளைக் கண்டுபிடித்த காது இப்போது உதவவில்லை.

போன வாரம் இடைவேளையில் விஞ்ஞான டீச்சர் காதில் இயர்போனைப் போட்டுக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். யார் என்று கேட்டேன்.

"புதுசா ஒருத்தி. கையைக்கூடக் காட்டுறேல்லை. ஆனா என்ன மாதிரிச் சொல்லுறா தெரியுமே" என்றார். ஒரு பக்க இயர்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

கை பாதி வரை போனது. அந்த இரண்டாவது வாக்கியம் வரைக்கும் கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் நான் என்ன செய்வேன் என்பதும் எனக்குத் தெரியும். வகுப்பு இருக்கிறது டீச்சர், பிறகு கேட்கிறேன் என்று எழுந்துவிட்டேன். மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வாசல் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் இயர்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் யார் மீதும் அவ்வளவு பொறாமை வந்ததில்லை.