தாடிக்காரருக்கு வைத்த நேர்த்தி

பகேரியாவைத் தாண்டி அடுத்த சிறிய ஊரில் ரயில் நிற்கும்போதெல்லாம், சிலுவை போட அம்மாவின் வலக்கை நெற்றிவரை போகும். பிறகு பாதியிலேயே மடிக்கு இறங்கிவிடும். வருடக்கணக்காக இதைப் பார்த்திருக்கிறேன்.

மன்னாரிலிருந்து இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்த என் அம்மா விமலராணி, அந்த ஊரில் அகஸ்ரீனா என்ற சிஞ்ஞோராவின், அதாவது ஒரு சீமாட்டியின், வீட்டில் வேலை செய்தார். ஒவ்வொரு மே மாதமும் அங்கே ஒரு விழா நடக்கும். அந்த ஊரில் பிறந்து, யாரும் போகாத காடுகளைத் தேடிப் பயணம் போன ஒருவரின் நினைவாக எடுப்பது. தாடி வைத்த அவருடைய சிலையைப் பூக்களால் மூடி, பாண்டு வாத்தியத்தோடு துறைமுகம் வரை சுமந்து போவார்கள்.

2009ஆம் ஆண்டு வன்னியில் போருக்குள் அகப்பட்ட அம்மாவின் தம்பி ஏர்னஸ்ற் மாமாவைப்பற்றி எந்தத் தகவலும் இல்லை. அந்த மே மாதம், வேலை முடிந்து வெளியே வந்த அம்மாவுக்கு எதிரே சிலை வந்தது. ஏதோ புனிதரின் திருவிழா என்று நினைத்துத் தெருவிலேயே முழந்தாளிட்டார். தம்பி உயிரோடு கிடைத்தால், ஸ்டேஷனிலிருந்து துறைமுகம் வரை சிலைக்குப் பின்னால் வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்தார்.

மாமா தடுப்பு முகாமிலிருந்து உயிரோடு வெளியே வந்தார்.

அடுத்த மே மாதம் நடக்கப் போன அம்மா, செருப்பைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

"அது சாமி இல்லையாம் பிள்ளை. சிஞ்ஞோரா விழுந்து விழுந்து சிரிக்கிறா. அந்த மனிசன் கோயில் பக்கமே போகாத ஆளாம்."

எனக்கும் சிரிப்பு வந்தது. "அப்ப நேர்த்தி செல்லாது, விடுங்கோம்மா."

"மாமா வந்தது மட்டும் செல்லுமோ?"

பாவசங்கீர்த்தனத்தில் அம்மா இதைச் சொன்னபோது, மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தச் சொன்னாராம் பங்குச் சுவாமி.

"மாதாவிட்டை நான் கேக்கேல்லையே, ஃபாதர்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தார் அம்மா.

சிலைக்குப் பின்னால் நடந்தால் கடவுளுக்குத் துரோகம். நடக்காவிட்டால் தம்பியைத் திருப்பிக் கேட்பார்களோ என்று பயம். மாமா போனை எடுக்காத நாட்களில், "என்னாலைதான், என்னாலைதான்" என்று அடுக்களைக்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பார். விழா நாளில் அந்தப் பக்கம் வேலைக்குப் போகமாட்டார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் பெற்றவள் நான். அன்று பல்கலைக்கழக வாசலில், தலையில் பட்டமளிப்பு இலைமாலையோடு நின்ற என்னிடம் அம்மா கேட்டார்:

"நீ படிச்சனி. நடந்தாப் பாவமோ, நடக்காட்டிப் பாவமோ?"

"யோசிச்சுச் சொல்லுறன் அம்மா."

"ஓம், ஆறுதலாச் சொல்லு."

போன மாரிகாலத்தில் அம்மா இறந்துவிட்டார். மாமா மன்னாரில் சுகமாக இருக்கிறார். அந்த நடையை இன்னும் யாரும் நடக்கவில்லை.