மருமகள்கள் சொல்லாத ஊர்

மேஸ்திரியம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அவருடைய மூடிய வாய்தான். காபி காயவைக்கும் களத்தின் ஓரத்தில், கவிழ்த்துப் போட்ட கூடையின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்துக்கு நேராகச் செல்போனைப் பிடித்தபடி நான் நின்றிருந்தேன். பக்கத்து ஊர்களின் பெயர்களையெல்லாம் மளமளவென்று சொல்லிவிட்டு, சொந்த ஊரின் பெயர் வந்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டார். கேள்வி காதில் விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன். தலையை ஆட்டினார். குரலைப் பதிவு செய்ய வந்தவனிடம் தலையாட்டுகிறாரே என்று எரிச்சலாக இருந்தது. இதற்குமேல் எரிச்சல்பட என்ன இருக்கிறது என்று அன்று நினைத்தேன். நிறைய இருந்தது.

பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சேலத்தில் சும்மா இருந்த என்னை இந்த வேலைக்கு இழுத்தது, மலை ஊர்களுக்கு ஆபத்து நேரத்தில் ஜீப் அனுப்பும் ஓர் அறக்கட்டளை. ஏற்காட்டில் அவர்களுடைய போனை எடுக்க முன்பு ஓர் ஆள் இருந்தார். பெண்கள் "நாந்தானுங்க" என்று சொன்னாலே எந்த ஊர், எந்த வீடு என்று அவருக்குத் தெரிந்துவிடும். டீ குடிக்கப் போனால் போன் அடித்துக்கொண்டே கிடக்கும் என்பதும் உண்மை. அவர் வேலையை விட்டதும் அந்த இடத்துக்கு ஓர் இயந்திரக் குரலை வைத்தார்கள். அது ஊரைக் கேட்கும், நோயைக் கேட்கும், ஜீப் டிரைவருக்குத் தகவல் அனுப்பும். சென்னையில் ஒரு கம்பெனி பழக்கி அனுப்பிய அந்தக் குரலுக்கு இங்குள்ள ஒரு குக்கிராமத்தின் பெயரும் தெரியவில்லை. ஊருக்கு ஊர் போய், ஒவ்வொரு பெயரையும் பலர் சொல்லக் கேட்டுப் பதிவு செய்து அதற்குக் கற்றுக்கொடுப்பது என் வேலை. செய்தி சேகரிப்பதைவிடச் சுலபம் என்று நம்பித்தான் ஒப்புக்கொண்டேன்.

வெள்ளக்கடையைத் தாண்டி இருக்கும் அந்தச் சிற்றூரில் ஆட்களைத் திரட்டித் தந்தவர் மேஸ்திரியம்மா. ஓர் எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கும் பெண்களை மேய்ப்பவர். அவர் குரல் ஒரு பள்ளத்தைத் தாண்டி அடுத்த மேட்டில் கேட்கும். அப்படிப்பட்டவர் ஏன் வாயை மூடிக்கொண்டார் என்பதை, பக்கத்தில் நின்ற இளம்பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். ஊரை உண்டாக்கிய முன்னோரின் பெயர்தான் ஊருக்கு. மேஸ்திரியம்மாவின் கணவருக்கும் அதே பெயரைத்தான் வைத்திருந்தார்கள். கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும். தடை அவருக்கு மட்டுமல்ல, அங்கே வாழ வந்த எல்லா மருமகள்களுக்கும் அது மாமனார் வழிப் பெரியவரின் பெயர். யாரும் சொல்வதில்லை. "நீ பன்னிரண்டாவது படித்தவள்தானே, நீ சொல்" என்றேன். "எனக்கு நாளப்பின்ன இந்த ஊட்ல சோறு வேணுமுங்க சார்" என்றாள்.

இருபது வரிச் செய்தியானாலும் ஊர்ப் பெயரை முதல் சொல்லாக எழுதிப் பழகியவன் நான். ஊர் இல்லாத செய்தியை ஆசிரியர் டெஸ்க் திருப்பி அனுப்பிவிடும். இங்கே நிலைமை இன்னும் மோசம். ஊரின் பெயரைக் கூசாமல் சொல்லக்கூடிய மகள்கள் எல்லாரும் கல்யாணமாகி வேறு ஊர்களில் இருந்தார்கள். சொல்லக்கூடிய ஆண்கள் பகலில் வேலைக்குப் போய்விடுவார்கள். யாருக்காவது ஏதாவது ஆனால் போன் செய்ய மிஞ்சுபவர்கள் மருமகள்கள். அவர்கள் தங்களுக்குள் ஊரைப் பலாமரத்தூர் என்று சொல்லிக்கொண்டார்கள். அப்படி ஓர் ஊர் எந்த வரைபடத்திலும் கிடையாது.

"ஏனுங்க சார், உங்க ஊட்டம்மா உங்களப் பேரு சொல்லிக் கூப்புடுவாங்களா?" என்று மேஸ்திரியம்மா கேட்டார்.

"கூப்பிடுவார். பெரும்பாலும் கோபம் வந்தால்."

"அதான் பாருங்க, உங்க மொகத்துல தெம்பே இல்ல."

களம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பும் பதிவாகி, எந்தச் சொல் என்று புரியாமல் இயந்திரம் அதற்குச் சிவப்புக் கோடு போட்டு வைத்தது.

மாலையில் திரும்பி வந்த அவருடைய கணவரைப் பிடித்தேன். அவர் தன் பெயரையே யாரோ எதிர் மேட்டில் இருப்பதுபோல் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். போதும் என்ற பிறகும் நிறுத்தவில்லை. "பாரு புள்ள, நானே எம் பேரச் சொல்றேன். நாக்கு அழுவிப் போச்சா?" என்று மனைவியைச் சீண்டினார். "உங்க நாக்கு, உங்க பாடு" என்றார் மேஸ்திரியம்மா. மற்ற ஆண்களும் வந்து சொன்னார்கள். அன்றிரவே சென்னைக்கு அனுப்பினேன். பலாமரத்தூர் என்ற பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தனியாகவும் எழுதினேன். இரண்டு நாள் கழித்து அந்தக் கம்பெனியின் பொறியாளர் பெண் கூப்பிட்டார். "ஊர்ப் பேரு ஆம்பளைங்க குரல்ல சூப்பரா வருது சார். இன்னொண்ணு அரசாங்கப் பட்டியல்லயே இல்லையே. இல்லாத ஊருக்கு ஜீப்ப எப்படி அனுப்பறது? அந்தம்மாவ ஒரே ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க சார், மீதிய நாங்க பாத்துக்கறோம்." ஒரே ஒரு தடவை என்பதுதான் பிரச்சினையே என்று விளக்கினேன். "கன்வின்ஸ் பண்ணுங்க சார்" என்றார். போன் வைத்த பிறகும் நான் பேசிக்கொண்டிருந்ததாக என் மனைவி சொன்னார், பெயர் சொல்லிக் கூப்பிட்டு.

மிளகுப் பறிப்பு நடந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் மேஸ்திரியம்மாவின் கணவர் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்தியிருந்த மூங்கில் ஏணியிலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. இயந்திரம் தடுமாறும் அழைப்புகளைக் கேட்டுத் திருத்துவதும் என் வேலையில் சேர்ந்தது என்பதால், அன்றைய பதிவு என்னிடம் வந்தது. இயந்திரம் ஊரைக் கேட்கிறது. "பலாமரத்தூருங்க" என்கிறார் மேஸ்திரியம்மா. மன்னிக்கவும், மீண்டும் சொல்லவும் என்கிறது அது. மறுபடி பலாமரத்தூர். மறுபடி மன்னிக்கவும். பின்னால் இரண்டு கிழவிகள் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். அவர்களும் மருமகள்கள்தான். பிறகு காலடிச் சத்தம், இலைகள் உரசும் சத்தம். கடைசியில், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் ஆண் குரல் தன் பெயரைச் சொல்கிறது. இயந்திரம் உடனே புரிந்துகொண்டது. அந்தக் குரலை அதற்கு நான்தானே அத்தனை முறை ஊட்டியிருந்தேன்!

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது நலம் விசாரிப்பதற்கு முன்பே வெடித்துவிட்டேன். இடுப்பு ஒடிந்து கிடப்பவர் வாயில் போனை வைத்து ஊர்ப் பெயரைச் சொல்ல வைப்பதா? அவர் மயங்கியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மேஸ்திரியம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"மரத்துலருந்து உழுந்து உசுரு ஊசலாடறப்ப, எம் வாயாலயே அவரு ஆயுசக் கொறைக்கச் சொல்றீங்களா சார்?"

"இல்லை, ஜீப் வராமல் போயிருந்தால்..."

"நீங்கதான நாளு பூராவும் எங்க களத்துல ஒக்காந்து அதுக்குப் பாடஞ் சொன்னீங்க? நாங்க சொல்ற பேர அதுக்குச் சொல்லித் தரலீங்களா?"

சொல்லிக் கொடுக்க அனுப்பினேன், அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கட்டிலில் கிடந்தவர், "நல்லவேளை, நா நல்லாப் பேசற ஆளு" என்று முனகிக்கொண்டே சிரித்தார். மேஸ்திரியம்மா சிரிக்கவில்லை. போர்வையை இழுத்து அவர் காலை மூடினார். 

பதிவை அப்படியே சென்னைக்கு அனுப்பி, இதை முழுவதும் கேட்டுவிட்டுப் பேசுங்கள் என்று எழுதினேன். இம்முறை யாரும் பட்டியலைப் பற்றிப் பேசவில்லை. நான் மறுபடி மலையேறி, மருமகள்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பலாமரத்தூர் என்று சொல்லச் சொன்னேன். அதற்குள் ஒரு சண்டை. கீழ்க்கோடி வீட்டுப் பெண்கள் அதைப் பள்ளத்தூர் என்றார்கள். பலாமரம் மேஸ்திரியம்மாவின் பங்கு நிலத்தில் இருப்பதால் ஊர் முழுக்க அவர் மரத்தின் பெயரில் ஓடுவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. இரண்டையும் பதிவு செய்தேன். வேறு வழியில்லை.

அடுத்த மழைக்காலத்தில் பலாமரத்தூர் என்ற பெயர் வேலை செய்தது. கணவருக்குப் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, பேச்சு நின்றுவிட்டது. மேஸ்திரியம்மா போனை எடுத்து ஊரைச் சொன்னதும் முதல் தடவையிலேயே அது கேட்டுக்கொண்டு, வண்டி புறப்படுகிறது என்றது. கணவர் பிழைத்துக்கொண்டார். இப்போது இருவரும் அடிவாரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். அவர் கோல் ஊன்றி நடக்கிறார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. தன் பெயரைத் திரும்பத் திரும்பக் கூவி என் பொறுமையைச் சோதித்த மனிதர், நான் போனால் கையை மட்டும் தூக்குகிறார்.

அந்த அழைப்பின் பதிவு சென்னையிலிருந்து சென்ற வாரம் எனக்கு வந்திருக்கிறது. ஊரும் நோயும் பதிவான பிறகும் மேஸ்திரியம்மா போனை வைக்காமல் பேசியிருக்கிறார்: "அவருக்குப் பேச்சு வல்லே. சித்த வெரசா வா கண்ணு. பாதையில பாத்து வா சாமி." இந்தப் பகுதி எந்த வகையிலும் சேரவில்லை, அழைப்பவர் இங்கே யாரிடம் பேசுகிறார் என்று குறிப்பிடவும் என்று கேட்டிருந்தார்கள். உங்கள் இயந்திரத்திடம் என்று எழுதினேன். பொறியாளர் பெண் உடனே கூப்பிட்டார். பக்கத்தில் குழந்தை ஏதாவது இருந்திருக்குமோ, நல்லா விசாரிச்சுச் சொல்லுங்க சார் என்றார். விசாரிக்க ஒன்றும் இல்லை, வீட்டில் அவர்கள் இருவர்தான் என்றேன்.  அப்போ இதை எந்த வகையில சார் போடறது என்று கேட்டார்.