தூக்கக் கற்றுக்கொண்டவர்

மாரிகுப்பத்தில் காலை ரயில் ஏறும்போதெல்லாம் அவரைப் பார்ப்பேன். பெங்களூரில் செக்யூரிட்டி வேலை, ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒட்டிய கன்னம், தொளதொளத்த யூனிஃபார்ம். ரயில் கிளம்பும்வரை பிளாட்பாரத்தில் கைகளை முன்னால் நீட்டி, உட்கார்ந்து உட்கார்ந்து எழுவார்.

“இன்னா சார், பயில்வான் ஆவப் போறீங்களா?” என்று ஒருநாள் கேட்டேன்.

சிரித்தார். “சம்சாரத்துக்கு பக்கவாதம் சார். கட்டில்லருந்து நாற்காலிக்கு நான்தான் தூக்கணும். ஒரு தடவை இடுப்பு புடிச்சிகினு அவளைக் கீழ போட்டுட்டேன். அதான் வீட்ல போனைப் பார்த்து ஸ்குவாட் கத்துக்கறேன். அவ படுத்துகினே, ‘முட்டி உள்ள போவுது, குதிகால் தூக்குது’ன்னு தப்பு கண்டுபுடிப்பா.”

பிறகு மூன்று வாரம் அவரைக் காணவில்லை. திரும்பி வந்தவரிடம், “வீட்ல எப்படி இருக்காங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“போயிட்டா சார். கடைசியிலதான் எனக்கு ஒழுங்கா தூக்க வந்துச்சி. ‘இன்னிக்கு வலிக்கவே இல்லீங்க’ன்னா. அப்புறம் நாலே நாள்.”

நான்கு விரல்களைக் காட்டியவர் வெகுநேரம் கையை இறக்கவில்லை.