கோல்கீப்பரின் அப்பா

என் மகள் கேரளத்தில் ஒரு தொழில்முறை கால்பந்து அணியின் கோல்கீப்பர். பெண்பிள்ளை பந்து விளையாடிச் சம்பாதிக்கிறாள் என்று சொல்லக் கூசி, கொச்சியில் வங்கி வேலை என்று சொந்தக்காரர்களிடம் சொல்லியிருந்தேன்.

அன்று குற்றாலத்தில் நல்ல சாரல். வெளியூரிலிருந்து வந்த மைத்துனர் குடும்பத்தை அருவிக்கு அனுப்பிவிட்டு, வேன்கள் நிற்கும் இடத்தில் ஒதுங்கி நின்று கைபேசியில் ஆட்டம் பார்த்தேன். எதிரணிப் பெண்ணின் முழங்கால் மகளின் தலையில் மோதியது. விழுந்தவள் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து சிக்னல் போய்விட்டது.

பக்கத்து வேனில் செங்கோட்டை டிரைவர் ஒருவர் ரேடியோவில் அதே ஆட்டத்தின் மலையாள வர்ணனையைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அவர் வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

“கோல்கீப்பருக்கு என்னாச்சுங்க?”

“ஸ்ட்ரெச்சர் வருதாம். பந்தயம் கட்டியிருக்கியளா அண்ணாச்சி? இப்படி ஓடி வாறீய?” என்று சிரித்தார்.

திரும்பினால், ஈரத் துண்டோடு மைத்துனர் நிற்கிறார்.

“அது எம் மவ,” என்றேன்.

டிரைவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒலியைக் கூட்டினார். என் மணிக்கட்டைப் பிடித்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். “டாக்டர் குனிஞ்சு பாக்காராம்... இன்னும் அசையலையாம்... இருங்க, கண்ணு முழிச்சிட்டா அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க. ஜனம் பூரா கைதட்டுது, கேளுங்க.”

கேட்டேன்.

இப்போது அவள் நலமாக இருக்கிறாள். எனக்குத்தான் அந்தக் கைதட்டல் நெஞ்சை விட்டுப் போகவில்லை. அவள் அங்கே ஆடும் இந்த மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட நான் அந்தக் கூட்டத்தில் இருந்ததில்லை.