மகள் வேண்டாமென்று சொன்ன கம்பஸ்

யாழ்ப்பாணத்தில், மானிப்பாயில், காலையில் பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ ஒரு பாட்டை இசைத்துக்கொண்டு வரும். கனடாவில் கோடைகாலத்தில் ஐஸ்கிரீம் வண்டிதான் அப்படி வருவது. அதனால் போன பங்குனியில் அண்ணையின் புதுவீட்டுக் குடிபூரலுக்கு நாங்கள் போயிருந்தபோது, என் மகள் ஆரணி அந்த இசையைக் கேட்டதும் காலில் செருப்பில்லாமல் ஒழுங்கைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் சுடச்சுட ஒரு றாத்தல் பாண். மற்றக் கையில் போன். முகத்தில் பேயறைந்தது போல ஒரு சிரிப்பு. பாணைத்தான் ஐஸ்கிரீம் என்று நினைத்து ஏமாந்துவிட்டாள் போலும் என்று நானும் சிரித்தேன்.

"அம்மா, கிடைச்சிட்டுது" என்றாள்.

அமெரிக்காவில் இருக்கிற, பெயரைச் சொன்னாலே நாங்கள் இருக்கிற ஸ்காபரோவில் ஆட்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிற ஒரு பல்கலைக்கழகம். விண்வெளிப் பொறியியல். ரொறன்ரோவிலேயே, எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய இன்னொரு பல்கலைக்கழகமும் அவளுக்கு முன்னமே இடம் தந்திருந்தது, உதவிப்பணத்தோடு. ஆனால் அதைப் பற்றி அந்தக் காலையில் ஒருவரும் நினைக்கவில்லை. அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார்சைக்கிளில் போய் லட்டு வாங்கிவந்தார். மச்சாள், அவருடைய மனைவி, அதை ஒரு தட்டத்தில் அடுக்கி முன்விறாந்தையில் வைத்தா. மத்தியானத்துக்குள் ஒழுங்கைச் சனம் முழுவதும் வந்து லட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனது. வந்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒரே வசனம்: பிள்ளைக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுதாம்.

அந்த வசனத்துக்கு அங்கே இருக்கிற எடை கனடாவில் வளர்கிற பிள்ளைகளுக்கு விளங்காது. நான் படித்த காலத்தில் எங்கள் வகுப்பில் கம்பஸ் கிடைத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். கிடைத்தவளுடைய வீட்டைக் காட்டிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வார்கள். கிடைக்காத நாங்கள் தட்டெழுத்துக்கும் தையலுக்கும் வெளிநாட்டு மாப்பிள்ளைகளுக்கும் பிரிந்து போனோம். வாசல் ஒடுக்கம்தான், ஆனால் உள்ளே போய்விட்டால் படிப்புக்குக் காசில்லை. அரசாங்கம் கைச்செலவுக்கும் ஏதோ தரும். கனடாவிலோ வாசல் நல்ல அகலம். கதவைத் திறந்து வரவேற்று, உட்கார வைத்து, பிறகுதான் விலையைச் சொல்வார்கள்.

பக்கத்து வீட்டுக்காரி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவ, லட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆரணியிடம் மாதம் மாதம் எவ்வளவு தருவார்கள் என்று கேட்டா. இவள் தன் ஒடிந்த தமிழில், அவர்கள் தருவதில்லை, நாங்கள்தான் கொடுக்கவேணும் என்றாள். அந்த அம்மா லட்டைக் கடிக்காமல் என்னைப் பார்த்தா.

"அப்ப ரிசல்ட் கொஞ்சம் காணாதோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டா.

காசு கொடுத்துப் படிப்பது என்றால், அரசாங்கக் கம்பஸ் கிடைக்காமல் பிரைவேட்டுக்குப் போவது என்று அவ விளங்கிக்கொண்டா. நான் எவ்வளவு சொல்லியும் பலனில்லை. பின்னேரம் வந்தவர்கள் எல்லாரும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடுதான் லட்டு எடுத்தார்கள். ஒருவர் ஆரணியின் தலையைத் தடவி, மனம் விடாமல் திரும்ப ஒருக்கால் சோதனை எடு என்றார். நானும் மகளும் குசினிக்குள் போய் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வயிறு நோகச் சிரித்தோம்.

அதன் பிறகு அண்ணை தொகையைக் கேட்டார். சொன்னேன். அவர் போனில் கல்குலேற்றரைத் திறந்து அதை ரூபாவாக்கப் பார்த்தார். இலக்கங்கள் திரையில் அடங்கவில்லை. போனைப் படுக்கையாகத் திருப்பிப் பார்த்தார். போனை மடியில் வைத்துவிட்டு, கைதடியில் இருக்கிற காணியை விற்போம் என்றார். அப்பா எனக்கென்று எழுதிவைத்த தென்னங்காணி அது. அந்த நாட்டில் என் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரே இடம். நான் வாய் திறக்கமுதல் மச்சாள் தன் தங்கக் காப்பைத் தொட்டுக் காட்டினா. ரொறன்ரோவிலிருந்து போனில் என் கணவர், கடனுக்கு வீட்டை ஈடு வைக்கலாம், நானே கையெழுத்து வைக்கிறன் என்றார். ஒருவர் ஏற்ற மற்றவர் ஏற்ற, அது ஏலம்போலப் போனது. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். சரி, எல்லாத்தையும் விற்போம் என்று நானும் சொல்லியிருப்பேன். ஆரணி மட்டும் பாணைப் பிய்த்துப் பிய்த்துக் கோப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவு பேரின் அன்பையும் முதுகில் ஏற்றிக்கொண்டு எப்படிப் படிப்பது என்று அப்போது பயந்ததாகப் பிறகு சொன்னாள்.

அடுத்த நாள் அண்ணையின் மகள் தர்சினி அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் போனாள். தர்சினி அங்கே கம்பஸில் பௌதிகம் படிக்கிறவள். விரிவுரையாளரிடம் கேட்டு ஆரணியையும் கடைசி வாங்கில் இருத்தியிருக்கிறாள். மத்தியானம் இருவரும் வெயிலில் கறுத்து, ஆளுக்கொரு ஐஸ்பழத்தோடு வந்து இறங்கினார்கள். கரும்பலகையில் எழுதியது தான் அடுத்த வருடம் படிக்கப்போகிற அதே சமன்பாடு என்று ஆரணி துள்ளினாள். அமெரிக்காவிலும் அதேதான், ரொறன்ரோவிலும் அதேதான், ஸ்கூட்டி விடுகிற இடத்தில் ஆடு நிற்பது மட்டும்தான் வித்தியாசம் என்றாள்.

வருகிற வழியில் இருவரும் கதைத்ததைத் தர்சினி எனக்குச் சொன்னாள். படிச்சு முடிய என்ன செய்ய ஆசை என்று தர்சினி கேட்டாளாம். முதல் ஒரு வருடம் இங்கே வந்து நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு றொக்கெட் செய்யக் காட்டவேணும் என்றாளாம் ஆரணி. அப்படி ஒரு ஆசை அவளுக்கு இருந்தது எனக்குத் தெரியாது.

"நான் சொன்னன் மாமி, கடனோடை வரேலாது எண்டு. எங்கை கூடச் சம்பளமோ அங்கைதான் கடன் உன்னை இழுத்துக்கொண்டு போகும். முதல் வேலையை நீ எடுக்கமாட்டாய், அது எடுக்கும் எண்டு."

ஆரணி மொட்டைமாடிக்கு ஏறிப்போனாள். அங்கேதான் சிக்னல் நல்லாக வரும். நான் பின்னால் போனபோது அவள் விரல் திரையில், வேண்டாமென்று பதில் அனுப்புகிற பொத்தானுக்கு மேலே நின்றது.

"அம்மா, கவலைப்படுவீங்களோ?"

"கொஞ்சம்" என்றேன். அது உண்மை.

அவள் அழுத்திவிட்டாள். பிறகு தண்ணித்தாங்கியைச் சுற்றி ஓடினாள். சுடுகிற சீமெந்தில் கால் மாற்றி மாற்றித் துள்ளியது ஆட்டம் போலவே இருந்தது. நானும் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினேன். கீழே நின்று பார்த்த மச்சாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தா.

அண்ணைக்குத்தான் ஆறவில்லை. வேண்டாமென்று சொன்னால் அவர்கள் கோவிக்கமாட்டார்களோ, ஒரு வருத்தம் தெரிவித்தாவது எழுதுங்கோ என்று சொல்லிக்கொண்டே கடைக்குப் போனார். போன இடத்தில் அவர் என்ன சொன்னாரோ தெரியாது, பின்னேரம் ஆட்கள் திரும்பவும் வரத் தொடங்கினார்கள். ஒரு இடத்துக்காக ஊரே வருடக்கணக்காகக் காத்திருக்கிற நாட்டில், வந்த கம்பஸை வேண்டாமென்று சொன்ன பிள்ளையை ஒருவரும் கண்டதில்லை. அந்த ஆங்கில ரீச்சர் ஆரணியைத் தன்னோடு நிற்கவைத்துப் படம் எடுத்தா. மச்சாள் இன்னொரு தட்டம் லட்டு வைத்தா.

அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தின் படத்தை நான் இன்னும் இடைக்கிடை போனில் பார்ப்பேன். செங்கல் கட்டடமும் புல்வெளியுமாக நல்ல வடிவு. ஒரு தாய்க்கு அவ்வளவு பேராசை இருக்கத்தான் செய்யும்.

புரட்டாதியில் ஆரணிக்கு இங்கே ரொறன்ரோவில் வகுப்புத் தொடங்கியது. முதல் நாள் காலை அவளோடு பஸ் தரிப்புவரை நடந்தேன். குளிர் மெல்லத் தொட்டது. நான் போனில் மானிப்பாயை எடுத்தேன். அங்கே பின்னேரம், தர்சினி அப்போதுதான் கம்பஸால் வந்து ஸ்கூட்டியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். சரியாக அந்த நேரம் ஆரணியின் பஸ் வந்து நின்றது. இரண்டு பேரையும் பார்க்கிற அவதியில், போனைப் பார்த்துப் "போயிட்டு வா பிள்ளை" என்றேன். பஸ் படியில் கால் வைத்தவளைப் பார்த்து "வா வா, நல்லாக் களைச்சுப்போனாய்" என்றேன்.

ஆரணி படியில் நின்று சிரித்தாள். தர்சினி போனுக்குள் சிரித்தாள். பஸ் கதவு மூடிக்கொண்டது, கைதடிக் காணியிலிருந்து வந்த தேங்காய்களை ஆரோ அங்கே முற்றத்தில் கொட்டுகிற சத்தம் கேட்டது. பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டே, ஸ்காபரோ நடைபாதையில் நின்று, அந்தத் தேங்காய்கள் உருண்டு ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.